பயந்த பிள்ளை நாவலில் எப்படிப் பெரியவனாகிறான்?

"தொடக்கத்தில் பயந்த சிறுவனாக இருந்தவன், பல அனுபவங்களுக்குப் பிறகு முதிர்ச்சி பெறுகிறான்."

நாவலில் வரும் ஓர் இளம் கதாபாத்திரத்தைப் பற்றி எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் எழுதுவது இதைத்தான். நானும் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். வாக்கியத்தில் தவறு இல்லை. ஆனால் அது எதையும் சொல்லவும் இல்லை. நாவலாசிரியர் நானூறு பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதியதெல்லாம் அந்தப் 'பல அனுபவங்களுக்குப் பிறகு' என்ற இடத்தில்தான் இருக்கிறது. நாம் அதை ஒரே தாவலில் தாண்டிவிடுகிறோம். அந்தப் பையன் எதைக் கண்டு பயந்தான், அந்தப் பயம் அப்புறம் எங்கே போனது என்று யாராவது கேட்டால் கையைப் பிசைகிறோம்.

இந்த வகை நாவலுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு பெயர் உண்டு: பில்டுங்ஸ்ரோமான். 'பில்டுங்' என்றால் ஒரு மனிதன் உருவாவது, கல்வியாலும் வாழ்க்கையாலும் வார்க்கப்படுவது. 'ரோமான்' என்றால் நாவல். கார்ல் மோர்கன்ஸ்டெர்ன் என்ற பேராசிரியர் 1819இல் ஒரு சொற்பொழிவில் இந்தச் சொல்லை விளக்கினார். 1870இல் வில்ஹெல்ம் டில்தே என்ற தத்துவ அறிஞர் எடுத்துப் பேசிய பிறகுதான் அது பரவலானது. ஜெர்மன் எழுத்தாளர் கதே 1795-96இல் வெளியிட்ட வில்ஹெல்ம் மைஸ்டர் நாவலை இதற்கு முன்மாதிரி என்பார்கள். வியாபாரி வீட்டுப் பையன் ஒருவன் நாடகக் குழுவோடு சுற்றி, கடைசியில் அது தன் வேலையில்லை என்று கண்டுகொள்ளும் கதை அது. தமிழில் 'வளர்ச்சி நாவல்' என்று வைத்துக்கொள்வோம். பரீட்சைக்கு வேண்டுமானால் ஜெர்மன் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நாவலைப் படிக்க அது அவ்வளவாக உதவாது.

உதவக்கூடியது வேறு ஒன்று. பயம் என்றவுடன் அதற்கு எதிர்ப்பதமாகத் துணிச்சலைத்தான் நினைக்கிறோம். அதனால், பயந்தவன் ஒருநாள் துணிந்துவிட்டால் வளர்ந்துவிட்டான் என்று கணக்குப் போடுகிறோம். நல்ல நாவல்களை நிதானமாகப் படித்தால் இந்தக் கணக்கு இடிக்கும். அவற்றில் வரும் பிள்ளைகள் கடைசிவரை பயப்படுகிறார்கள். ஆனால் யாருக்காகப் பயப்படுகிறார்கள் என்பது மாறிவிடுகிறது. அதைவிட முக்கியமாக, தன்னைப் பயமுறுத்தியவனும் ஒரு பயந்தவன்தான் என்று ஓரிடத்தில் கண்டுகொள்கிறார்கள். என்னைக் கேட்டால், முதிர்ச்சி என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் இந்த இடம்தான்.

சரி, ஒரு நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு கிட்டப்போய்ப் பார்ப்போம். சார்லஸ் டிக்கன்ஸ் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை தொடர்கதையாக எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம். சதுப்பு நிலத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டம். பிப் என்ற சிறுவன், ஏழு வயது இருக்கலாம், அம்மா அப்பாவின் கல்லறைப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருக்கிறான். திடீரென்று ஒருவன் கல்லறைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து அவனைப் பிடித்துக்கொள்கிறான். காலில் விலங்கு, உடம்பெல்லாம் சேறு, குளிரில் பற்கள் தந்தியடிக்கின்றன. சிறையிலிருந்து தப்பி வந்த கைதி. பையில் என்ன வைத்திருக்கிறாய் என்று பார்க்கப் பிப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்குகிறான். அப்போது தேவாலயமே தலைகீழாகப் புரண்டு போனதாகப் பிப் சொல்கிறான். விலங்கை அறுக்க ஓர் அரமும், சாப்பாடும் நாளைக் காலையில் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால்? தன்னோடு இன்னொருவன் ஒளிந்திருக்கிறான், தன்னைவிடப் பொல்லாதவன், கதவைப் பூட்டிக்கொண்டு போர்வையை இழுத்து மூடிப் படுத்தாலும் மெல்ல ஊர்ந்து வந்து நெஞ்சைக் கிழித்துவிடுவான் என்று மிரட்டுகிறான் கைதி.

இது பயத்தின் முதல் வடிவம். முழுக்க முழுக்க உடம்பைப் பற்றியது. என்னை என்ன செய்வார்கள்? அதைத் தாண்டி யோசிக்க ஏழு வயதுக்கு இடமில்லை. அன்றிரவு சாப்பிடும்போது ரொட்டித் துண்டைக் கால்சட்டைக்குள் ஒளித்துக்கொள்கிறான். விடிவதற்குள் அக்காவின் சமையலறை அலமாரியிலிருந்து சாப்பாட்டைத் திருடிக்கொண்டு பனிமூட்டத்தில் ஓடுகிறான். வழியில் நிற்கும் மாடுகள்கூட 'திருடன்' என்று கத்துவதாகத் தோன்றுகிறது.

எனக்குப் பதின்மூன்று வயதில் இந்த நாவலின் சுருக்கப் பதிப்புதான் கிடைத்தது. கல்லறைத் தோட்டம், மிரட்டல், திருட்டு, ஓட்டம் எல்லாம் இருந்தன. நானும் பிப்போடு சேர்ந்து பயந்தேன், கைதி வில்லன் என்று முடிவுகட்டினேன். பல வருடம் கழித்து முழு நாவலைப் படித்தபோதுதான் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பக்கத்தைக் கண்டேன். நான் படித்த சுருக்கத்தில் அது வெட்டுப்பட்டிருந்தது. (சுருக்கப் பதிப்புகளில் எப்போதும் முதலில் பலியாவது இப்படிப்பட்ட பக்கங்கள்தான். கதை நகராத இடம் அல்லவா!)

அந்தப் பக்கத்தில் நடப்பது இவ்வளவுதான். கைதி சாப்பிடுகிறான். பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எந்தப் பக்கத்திலிருந்தும் யாராவது வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல, ஒரு நாய் தின்பதைப் போல, இடமும் வலமும் பார்த்துக்கொண்டே அள்ளி விழுங்குகிறான் அவன். அப்போது பிப், நீங்கள் ருசித்துச் சாப்பிடுவதில் எனக்குச் சந்தோஷம் என்கிறான். அதற்குக் கொஞ்சம் முன்புதான் கைதியின் தொண்டைக்குள் ஏதோ 'கிளிக்' என்றது, கடிகாரம் மணி அடிக்கத் தயாராவது போல.

தன்னைக் கொன்றுவிடுவான் என்று நடுங்கியவனின் கண்ணில், அதே நடுக்கத்தைப் பையன் பார்த்துவிட்டான். பார்த்தது என்ன என்று அவனுக்கு இன்னும் தெரியாது. தெரிய இன்னும் ஐம்பது அத்தியாயம் ஆகும். விதை இங்கே விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

நடுவில் என்ன ஆகிறது? இங்கேதான் பயம் வேஷம் மாற்றிக்கொள்கிறது. பிப் வளர்கிறான். யாரோ முகம் தெரியாத புண்ணியவான் பணம் கொடுக்க, லண்டனுக்குப் போய்க் கனவானாகிறான். இப்போது இருட்டைக் கண்டு பயமில்லை, கைதியைக் கண்டு பயமில்லை. நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்பதுதான் பயம். அதற்கு நாம் வெட்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். பதின்பருவப் பாத்திரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். குழந்தையின் பயம் நெஞ்சு படபடப்பதில் தெரியும், இளைஞனின் பயம் அவன் யாரைத் தன் ஆள் என்று சொல்லிக்கொள்ளத் தயங்குகிறான் என்பதில் தெரியும்.

பிப்பை வளர்த்த அக்கா கணவர் ஜோ, ஒரு கொல்லர், அவனைப் பார்க்க லண்டனுக்கு வருகிறார். தன் தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கணப்பு மாடத்தின் ஓரத்தில் வைக்கிறார். அது விழுகிறது. எடுத்து வைக்கிறார். மறுபடி விழுகிறது. பிப்பை 'சார்' என்று கூப்பிடுகிறார், நடுநடுவே மறந்து பழைய செல்லப் பேச்சுக்குப் போகிறார். பிப்புக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது. படிக்கிற நமக்கும் சிரிப்பு வரும், உடனே சிரித்ததற்காகக் கூசும். தன்னைத் தூக்கி வளர்த்தவரைக் கண்டு கூசுகிற இந்தப் பையன், கல்லறைத் தோட்டத்தில் நடுங்கிய பையனைவிடக் கோழை. வயது ஏறியிருக்கிறது, ஆள் இறங்கியிருக்கிறான். வளர்ச்சி நாவல் என்றால் படிப்படியாக மேலே ஏறுவது என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கே குழம்பிப்போவார்கள். நடுப்பகுதியில் கதாபாத்திரம் கீழே போகத்தான் வேண்டும். கீழே போகாதவன் திரும்பி வருவதற்கு ஏதுமில்லை.

பிப்புக்கு இருபத்து மூன்று வயது. புயலும் மழையுமான ஓர் இரவில் மாடிப்படியில் காலடிச் சத்தம். கிழவன் ஒருவன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வருகிறான். அந்தக் கைதிதான். பெயர் மாக்விச். இத்தனை வருடம் பணம் அனுப்பிய புண்ணியவானும் அவன்தான். நாடு கடத்தப்பட்ட இடத்தில் பாடுபட்டுச் சம்பாதித்ததையெல்லாம், தனக்குச் சோறு கொண்டுவந்த சிறுவனுக்கு அனுப்பியிருக்கிறான். திரும்பி வந்தது தெரிந்தால் தூக்கு. பிப்புக்கு நன்றி வரவில்லை, அருவருப்புதான் வருகிறது. டிக்கன்ஸ் இதை மறைக்கவில்லை. அந்தக் கை பட்டால் உடம்பு சுருங்குகிறது. இந்த நேர்மைக்காகவே டிக்கன்ஸுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அப்புறம் மாற்றம் எப்படி நடக்கிறது? யாரும் வந்து அறிவுரை சொல்வதில்லை. பிப் உட்கார்ந்து ஞானம் பெறுவதுமில்லை. கிழவனை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது. படகு ஓட்டப் பழக வேண்டியிருக்கிறது. யார் பின்தொடர்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த வேலைகளைச் செய்யச் செய்ய, பயத்தின் திசை தன்னாலேயே திரும்புகிறது. என்னை என்ன செய்வார்கள் என்று நடுங்கியவன், இவனை என்ன செய்வார்கள் என்று நடுங்குகிறான். தப்பிக்கும் முயற்சி ஆற்றில் தோற்று, மாக்விச் அடிபட்டுப் பிடிபட்டுக் கிடக்கும்போது பிப் அவன் பக்கத்தில் போய் உட்கார்கிறான். அருவருப்பெல்லாம் கரைந்துவிட்டது என்கிறான்.

நீதிமன்றக் காட்சியைத்தான் நான் அடிக்கடி புரட்டிப் பார்ப்பேன். அன்று தீர்ப்புக்காக நிறுத்தப்பட்டவர்கள் ஆணும் பெண்ணுமாக முப்பத்திரண்டு பேர். எல்லோருக்கும் மரண தண்டனை. மாக்விச்சுக்கு நிற்க முடியவில்லை, நாற்காலி போட்டிருக்கிறார்கள். கூண்டுக்கு வெளியே, ஊரே பார்க்கும் இடத்தில் நின்றுகொண்டு பிப் அவன் கையைப் பிடித்திருக்கிறான். ஜோவின் தொப்பி விழுந்ததற்குக் கூசியவன் இவன். இப்போது வெட்கமில்லை. ஆனால் ஒரு பயம் இருக்கிறது. குற்றவாளியின் சொத்து அரசுக்குப் போய்விடும், அதனால் பிப்புக்கு ஒரு காசும் வராது. அவனைக் கனவானாக்கியதுதான் தன் ஆயுளின் ஒரே சாதனை என்று நம்பிக்கொண்டிருக்கும் கிழவனுக்கு இது தெரிந்துவிடக் கூடாது. பிப் சொல்லாமல் மறைக்கிறான். மாக்விச் கடைசிவரை தெரியாமலேயே சாகிறான்.

ஏழு வயதில் தன் உயிருக்குப் பயந்து ரொட்டியை மறைத்த பையன். இருபத்து மூன்றில் இன்னொருவன் மனம் உடைந்துவிடுமே என்று பயந்து ஒரு சேதியை மறைக்கிறான். இரண்டும் பயம்தான், இரண்டிலும் மறைப்பதுதான் நடக்கிறது. கதாபாத்திரம் வந்த தூரத்தை அளக்க, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

இதையே வேறு விதமாகச் செய்யும் நாவல்களும் உண்டு. ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) நாவலில் ஸ்கௌட் என்ற சிறுமிக்குத் தெருவில் ஒரு வீட்டைக் கண்டால் பயம். அதற்குள் பூ ராட்லி என்று ஒருவன் வெளியே வராமல் அடைந்து கிடக்கிறான். அவனைப் பற்றி ஊரில் உலவாத கதை இல்லை. நாவலின் முடிவில் அவன்தான் அவளையும் அண்ணனையும் காப்பாற்றுகிறான். அதைவிட அதற்கடுத்து வரும் சின்ன இடத்தைப் பாருங்கள். என்னை வீட்டில் கொண்டுபோய் விடுகிறாயா என்று அவன் கேட்கிறான், கிட்டத்தட்ட ரகசியம் பேசுவது போல, இருட்டுக்குப் பயந்த குழந்தையின் குரலில். ஸ்கௌட் அவனைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. அவன் கையை மடக்கச் சொல்லி அதற்குள் தன் கையைக் கோத்துக்கொள்கிறாள். யாராவது பார்த்தால் அவன்தான் அவளை அழைத்துப் போவதாகத் தெரிய வேண்டும். ஒன்பது வயதுகூட நிரம்பாத பெண், பெரிய மனிதன் ஒருவனின் பயத்தையும் பார்க்கிறாள், அந்தப் பயம் வெளியே தெரியாமல் மூடியும் வைக்கிறாள்.

தமிழில் அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது சிகந்தராபாத்தில், 1948இல் ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைக்கப்பட்ட காலம். சந்திரசேகரன் என்ற மாணவன். கிரிக்கெட், கல்லூரி, வீட்டு மாடு என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கைக்குள் கலவரம் நுழைகிறது. நாவல் முழுக்க அவனும் அவன் குடும்பமும் பயந்தபடி இருக்கிறார்கள். முடிவில் ஒரு வீட்டுக்குள் அவன் நுழைய நேர்கிறது. உள்ளே ஒடுங்கிக் கிடக்கும் குடும்பம், கொல்ல வந்தவன் என்று அவனை நினைக்கிறது. குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு பெண் தன்னையே கொடுக்க முன்வருகிறாள். அவன் அங்கிருந்து ஓடுகிறான். இதுவரை பயந்தே பழகியவனைப் பார்த்து இன்னொருவர் பயப்படுகிறார். அந்த ஒரு நிமிடத்தில் அவன் இளமை முடிந்துபோகிறது. அசோகமித்திரன் விளக்கமாக எதையும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அவன் ஓடுகிறான், நாவல் நின்றுவிடுகிறது.

ஒரு சந்தேகம் வரலாம். துணிச்சலுக்கு இதில் இடமே இல்லையா? இருக்கிறது. ஆனால் துணிச்சலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டீபன் கிரேனின் 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' (1895) நாவலைச் சொல்லலாம். அமெரிக்க உள்நாட்டுப் போர். ஹென்றி ஃபிளெமிங் என்ற இளம் சிப்பாய் சண்டை நடுவே ஓடிவிடுகிறான். காட்டுக்குள் ஓர் அணிலின் மேல் காயை எறிகிறான். அது ஓடுகிறது. பார், ஆபத்து வந்தால் ஓடுவதுதான் இயற்கை என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்கிறான். ஓடும் இன்னொரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் மண்டையில் பட்ட காயத்தை, எதிரியின் குண்டு உரசியது என்று சொல்லிக்கொண்டு படைக்குத் திரும்புகிறான். மறுநாள் கொடியைப் பிடித்துக்கொண்டு வீரமாகப் போரிடுகிறான். இவன் வளர்ந்தானா? விமர்சகர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு உறுத்துவது வழியில் அவன் சந்தித்த காயம்பட்ட சிப்பாய். தன் காயத்தை மறந்து ஹென்றிக்கு எங்கே அடிபட்டது என்று கேட்டுக்கேட்டு வந்தவன் அவன். அவனை வயல்வெளியில் அப்படியே விட்டுவிட்டு ஹென்றி நழுவிப் போனான். கொடி பிடித்த பிறகும் அந்த முகம் துரத்துகிறது. கொஞ்ச தூரம் துரத்தவிட்டு, ஒருவழியாக மனத்திலிருந்து தள்ளி வைக்கிறான். துணிச்சல் வந்துவிட்டது. மற்றது வந்ததா என்று கேட்டால் நான் தலையாட்ட மாட்டேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கதையை யார் சொல்கிறார்கள்? பிப்பும் ஸ்கௌட்டும் 'நான்' என்று சொன்னாலும், சொல்வது அந்த வயதுப் பிள்ளை இல்லை. வளர்ந்து பெரியவர்களான பிறகு திரும்பிப் பார்த்துச் சொல்கிறார்கள். தலைகீழாகத் தொங்கியது சிறுவன், 'தேவாலயம் புரண்டது' என்று அதை வேடிக்கையாகச் சொல்வது பெரியவன். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வயது இருக்கும். தன் பழைய பயத்தைப் பார்த்து ஒருவனுக்குச் சிரிக்க முடிகிறது, தன் பழைய வெட்கத்தை நினைத்தால் சிரிப்பு வரவில்லை என்றால், அந்தக் குரலிலேயே முதிர்ச்சி இருக்கிறது. சம்பவங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் இது கையில் சிக்காது.

எனவே அடுத்த முறை இப்படி ஒரு நாவலைப் படிக்கும்போது, முதல் சில அத்தியாயங்களில் பிள்ளை எதைக் கண்டு நடுங்குகிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். இடம், ஆள், பொருள், எதுவாக இருந்தாலும் சரி. நல்ல நாவலாசிரியர் அதைச் சும்மா விடமாட்டார், கடைசிப் பகுதியில் திரும்பக் கொண்டுவருவார். 'இப்போது நான் மாறிவிட்டேன்' என்று கதாபாத்திரமே அறிவிக்கும் இடங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். ஹென்றியும் ஏறத்தாழ அப்படித்தான் நினைத்துக்கொள்கிறான்.

அப்புறம், தொடக்கத்தில் சொன்ன அந்த வாக்கியத்தை இப்போது எழுதச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்: "தன்னைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிய அதே கையை, பதினாறு வருடம்போல் கழித்து, எல்லோரும் பார்க்க நீதிமன்றத்தில் பிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், சொத்து பறிபோன சேதி அந்தக் கிழவனுக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் இப்போது அவனுக்குப் பயம்."